ஆப்பிள் பெட்டிக்குக் கிடைத்த பதவி உயர்வு

அந்த அலுவலகத்தில் முதலில் சமத்துவம்தான் இருந்தது. அதனால் யாருக்கும் பெரிய உபத்திரவம் இருந்ததாகச் சொல்ல முடியாது. எல்லாருக்கும் ஒரே அளவு நாற்காலி, ஒரே அளவு தேநீர்க் கோப்பை, ஒரே அளவு சீருடைச் சட்டை. சட்டைக்கு அளவு குறிக்க முந்நூற்றுப் பன்னிரண்டு ஊழியர்களின் உடம்பையும் கூட்டி முந்நூற்றுப் பன்னிரண்டால் வகுத்திருந்தார்கள். அப்படிக் கிடைத்த சராசரி மனிதர் ஒருவர்கூட அந்தக் கட்டிடத்தில் வேலை பார்க்கவில்லை என்பது வேறு விஷயம். கோப்பறையில் இருந்த நெட்டைக்குச் சட்டை தொப்புளோடு நின்றுவிட்டது. அதே அறையில் இருந்த சின்னக்காவுக்கு முழங்காலைத் தாண்டி இறங்கியது. சின்னக்காவின் வீட்டுக்காரர் தையல்காரர். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை உட்கார்ந்து, மனைவியின் சட்டையில் தொங்கியதை வெட்டி, வெட்டிய துணியை நெட்டையின் சட்டைக்கு ஒட்டுப்போட்டுத் தைத்துக் கொடுத்தார். அரை மணி நேர வேலை. கூட்டம் போடவில்லை, தீர்மானம் நிறைவேற்றவில்லை, புகைப்படம்கூட எடுக்கவில்லை.

சின்னக்கா என்ற பெயர் உயரத்தால் வந்தது. நாலடி ஏழங்குலம். கோப்பறை அலமாரிகளோ தரையிலிருந்து விட்டம்வரை போகிறவை. மேல்தட்டு ஆறரை அடியில் இருந்தது. மேல்மாடி அதிகாரிகளில் யாராவது ஒரு கோப்பு கேட்டுச் சீட்டு அனுப்பினால், சீட்டில் முத்திரை விழுந்த ஏழாவது நிமிடத்துக்குள் கோப்பு அவர் மேசையில் இருக்க வேண்டும். இது ஏழு நிமிட விதி. பதினோரு வருடங்களுக்கு முன்னால் வேலையில் சேர்ந்த இரண்டாம் நாளே அவள் எதிர்ப்பக்கத்துப் பழக்கடைக்குப் போய், காலியான ஆப்பிள் பெட்டி ஒன்றைக் கேட்டு வாங்கிவந்துவிட்டாள். பதின்மூன்று அங்குல உயரம். ஒரு பலகையில் இரண்டு ஆணி தூக்கிக்கொண்டிருந்தது, அதை நெட்டை செங்கல்லால் தட்டி உள்ளே இறக்கினான். அவ்வளவுதான் கதை. பதினோரு வருடங்களில் ஒரு சீட்டுகூட எட்டாவது நிமிடத்தைப் பார்த்ததில்லை.

அந்த வேலை அவளுக்கு வேறு ஒரு காரணத்துக்காகவும் உயிர். மூன்று வருடங்களுக்கு முன்னால் தையல்காரருக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. பேச்சு இருந்தது, கிண்டல் இருந்தது, இடது கை இருந்தது. காலையில் மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டு வருவாள். மத்தியானம் பன்னிரண்டரைக்கு வீட்டுக்குப் போய், சாப்பாடு ஊட்டி, துணி மாற்றி, ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டு ஒன்றேகாலுக்குத் திரும்பிவிடுவாள். ஒரு நாள் தவறினாலும் முதுகில் புண் வந்துவிடும், வந்தால் ஆறாது என்று மருத்துவர் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார். அலுவலகத்திலிருந்து வீட்டுக்கு ஆறு நிமிட நடை. ஊருக்கு வெளியே நிறுவனத்துக்கு ஒரு கிடங்கு இருந்தது, அங்கே போக இரண்டு பேருந்து மாற வேண்டும். அங்கே மாற்றிவிட்டால் மத்தியானம் வீட்டுக்கு வர முடியாது.

இந்த நிலையில்தான் சமநீதி வந்து சேர்ந்தது.

அதைக் கூட்டிக்கொண்டு வந்தவர் புதிய இயக்குநர். சமநீதி மற்றும் அரவணைப்புத் துறை இயக்குநர் என்று கதவில் பலகை மாட்டினார்கள். கதவு என்றால் எந்தக் கதவு? ஊழியர்கள் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த அறையின் கதவு. சாப்பாட்டு மேசைகளை எடுத்துவிட்டு அவருக்கு ஒரு சோபாவும் மீன்தொட்டியும் வைத்தார்கள். முதல் கூட்டத்தில் அவரே அதற்கு விளக்கமும் கொடுத்தார்.

"சமத்துவம்ங்கறது சோம்பேறிகளோட நியாயம்," என்று ஆரம்பித்தார். குரல் தேனாக இருந்தது. "எல்லாருக்கும் ஒரே மாதிரி குடுத்துட்டா கடமை முடிஞ்சுதா? ஒவ்வொருத்தருக்கும் என்ன தேவைன்னு பார்க்க வேணாமா? என்னையே எடுத்துக்குங்க. நான் நாள் முழுக்க உங்க கஷ்டத்தையே நினைச்சுக்கிட்டிருக்கேன். அதுக்கு அமைதி வேணும், இடம் வேணும். உங்களுக்கு உங்க கஷ்டத்தை நினைக்கற வேலை இல்லை, அதை அனுபவிக்கற வேலை மட்டும்தான். எனக்கும் உங்களுக்கும் ஒரே அளவு அறையைக் குடுத்தா அது எனக்குச் செய்யற அநியாயம் இல்லையா?"

அநியாயம்தான் என்று முன்வரிசையில் இருந்த மேலாளர்கள் தலையாட்டினார்கள். படிக்கட்டில் நின்றபடி சாப்பிடப் பழகிக்கொண்டிருந்த பின்வரிசைக்காரர்களும் எதற்கு வம்பு என்று ஆட்டினார்கள்.

பிறகு திரையில் ஒரு படம் காட்டினார். ஒரு சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ பந்து விளையாடுகிறார்கள். இந்தப் பக்கம் நெட்டையாக ஒருவன், நடுத்தரமாக ஒருவன், குட்டையாக ஒருவன். குட்டையானவனின் காலடியில் இரண்டு பெட்டி, நடுவானவனுக்கு ஒன்று, நெட்டையானவனுக்கு ஒன்றுமில்லை. மூன்று தலையும் சுவருக்கு மேலே ஒரே மட்டத்தில் தெரிந்தன.

"நம்ம பெட்டி மாதிரியே இருக்கே!" என்று சின்னக்கா பக்கத்திலிருந்த நெட்டையிடம் சொன்னாள். மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் அந்த நேரம் பார்த்து மண்டபமே அமைதியாக இருந்து தொலைத்தது.

"யாரு? யாரு அது?" இயக்குநர் மேடையிலிருந்து இறங்கியே வந்துவிட்டார். "உங்ககிட்டப் பெட்டி இருக்கா?"

"இருக்குங்க சார். மேல்தட்டு எட்டாது, அதுக்காக."

"பதினோரு வருஷமா அது மேல ஏறித்தான் சார் எடுக்கறாங்க," என்று நெட்டை ஆர்வக்கோளாறில் சேர்த்துச் சொன்னான்.

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். உண்மையான ஈரமா என்பது அவருக்கே வெளிச்சம். "பதினோரு வருஷமா இந்தக் கட்டிடத்தில ஒரு மூலையில சமநீதி மிதிபட்டுக் கிடந்திருக்கு!" என்றார்.

"மிதிச்சது நான்தான் சார், மன்னிச்சுக்குங்க," என்றாள் சின்னக்கா. எல்லாரும் கைதட்டினார்கள். அவளும் எதற்கும் இருக்கட்டும் என்று தட்டினாள்.

அடுத்த வாரம் தேவை மதிப்பீடு தொடங்கியது. மதிப்பீட்டாளர் ஓர் இளம்பெண். கையில் புத்தம்புதிய டேப்பு, அட்டையில் செருகிய படிவம், முகத்தில் அழியாத புன்னகை. படிவத்தின் மூன்றாம் விதி இப்படி: ஊழியரை அவர் பணி செய்யும் இயல்பான நிலையிலேயே அளக்க வேண்டும், வேலையை நிறுத்தச் சொல்லி அவரைச் சங்கடப்படுத்தக் கூடாது. அவள் கோப்பறைக்குள் நுழைந்தபோது சின்னக்கா பெட்டி மேல் நின்று மேல்தட்டிலிருந்து ஒரு கோப்பை உருவிக்கொண்டிருந்தாள்.

"வணக்கம் மேடம், இருங்க, கீழ இறங்கிடறேன்."

"ஐயோ, வேணாம்மா. அப்படியே இருங்க. உங்களைத் தொந்தரவு பண்ணாம அளக்கணும்."

"நான் பெட்டி மேல நிக்கறேனேங்க."

"எப்பவும் அதுமேலதானே நின்னு எடுப்பீங்க?"

"ஆமா, ஆனா எடுக்கும்போது மட்டும்..."

"அதுதாம்மா இயல்பான நிலை." டேப்பைத் தரையில் வைத்து உச்சந்தலைவரை இழுத்தாள். "அஞ்சடி எட்டங்குலம். அருமை!"

சின்னக்கா வாயைப் பிளந்தாள். பெட்டியைக் கழித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிப் பார்த்தாள். "ஒரு ஊழியர்கிட்டேருந்து எதையும் கழிக்கறது எங்க கொள்கை இல்லைம்மா, நாங்க சேர்க்கத்தான் வந்திருக்கோம்," என்று அந்தப் பெண் அவள் தோளைத் தட்டிக் கொடுத்தாள். தட்டுவதற்கு எக்க வேண்டியிருந்தது.

ஆறடி இரண்டங்குல நெட்டை அப்போது நாற்காலியில் உட்கார்ந்து பதிவேடு எழுதிக்கொண்டிருந்தான். தரையிலிருந்து உச்சந்தலைவரை நாலடி நாலங்குலம். மதிப்பீட்டாளர் அவனைப் பார்த்து உச்சுக்கொட்டினாள். "ரொம்பக் கஷ்டப்பட்டிருப்பீங்க இல்ல?" என்று கேட்டாள். நெட்டை பேனாவை மூடினான். பரிவாக யாரும் பேசி ரொம்ப நாளாகியிருந்ததால் "ஆமாங்க" என்று சொல்லிவைத்தான்.

மறுநாளே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். இரண்டு பேர் வெள்ளைக் கையுறை போட்டு வந்தார்கள். வரவேற்பறையின் நடுவில் பளிங்கு மேடை, அதைச் சுற்றிக் கண்ணாடிக் கூண்டு, உள்ளே ஒரு மஞ்சள் விளக்கு. கீழே பித்தளைப் பலகை: 'சமநீதி. மரமும் ஆணியும். தொடாதீர்கள்.' சின்னக்காவுக்குப் பூங்கொத்து கொடுத்துப் படம் எடுத்தார்கள். படத்தில் அவள் தலை விழவில்லை. புகைப்படக்காரர் இயக்குநரின் முகத்துக்குக் குறிவைத்திருந்தார்.

"சார், சீட்டு வந்திருக்கு. நான் எப்படி எடுக்கறது?" என்று அவள் பூங்கொத்தோடு கேட்டாள்.

"புதுசு வரும்மா. பழக்கடைப் பெட்டி இல்லை, உங்களுக்குன்னே அளந்து செஞ்ச சாதனம். மதிப்பீட்டு முடிவு வரட்டும்."

முடிவு வந்தது. நெட்டைக்குப் பெயர் பொறித்த எஃகு ஏணி ஒன்று, சங்கிலியோடும் பூட்டோடும் வந்து இறங்கியது. சின்னக்காவுக்கு ஒரு கடிதம் வந்தது: தாங்கள் உயரத்தால் இயற்கையாகவே சலுகை பெற்றவர் என்பதைப் பணிவுடன் உணர்ந்து, இனிமேல் மேல்தட்டுகள் நான்கையும் தாங்களே கவனிக்க வேண்டும். உயரம் குறைந்த சக ஊழியருக்குக் கீழ்த்தட்டுகள் ஒதுக்கப்படுகின்றன. உயரத்தின் பொறுப்பை உணரும் பயிற்சி வகுப்பு வெள்ளிக்கிழமை.

மற்றவர்களுக்கும் இப்படித்தான் அவரவர் பங்கு வந்தது. காது கேளாத தட்டச்சர் ஏற்கெனவே பூரண அமைதியை அனுபவித்துவருபவர் என்று கண்டறிந்து, தெருச் சத்தத்தால் அவதிப்பட்ட இயக்குநரின் உதவியாளருக்குத் தட்டச்சரின் தனியறையைக் கொடுத்தார்கள். மின்தூக்கி இனி இயக்குநருக்கு மட்டும் என்று ஆனது. மாடியேறினால் அவருக்கு மூச்சு வாங்கும், மூச்சு வாங்கினால் மற்றவர்களுக்காகப் பேச முடியாது. முட்டிவலிக்காரத் துப்புரவுப் பெண்மணிக்குப் படியேறும்போது கேட்க ஊக்கமூட்டும் ஒலிப்பதிவு ஒன்று கொடுத்தார்கள்.

முதல் நாள் நெட்டையே ஏணி இல்லாமல் கையை நீட்டி மேல்தட்டிலிருந்து கோப்புகளை எடுத்துக் கொடுத்தான். அவனுக்கு அது மூக்கைச் சொறிகிற மாதிரி. மூன்றாம் நாள் அவனுக்கு எச்சரிக்கைக் குறிப்பு வந்தது: தன் குறையை மறைத்துத் தகுதிக்கு மீறி எட்டிய குற்றம்.

"அக்கா, தப்பா நினைக்காதே," என்றான் நெட்டை. அவன் கண் அவளைப் பார்க்கவில்லை. "எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கு. நான் எட்டக் கூடாதாம்."

"சரிடா, அந்த ஏணியையாவது குடு."

"சாவி என்கிட்ட இருக்கு. ஆனா இதைப் பாரு." ஏணியின் பக்கவாட்டில் எழுதியிருந்தது: ஒருவருக்கு அளந்த நீதியை இன்னொருவர் மிதிக்கக் கூடாது. மீறினால் இருவரின் நீதியும் பறிமுதல். நெட்டை அந்த ஏணியின் முதல் படியில் தேநீர்க் கோப்பை வைப்பான், இரண்டாம் படியில் சாப்பாட்டு டப்பா வைப்பான். அதற்கு மேலே அவனுக்கும் அதில் வேலை இருக்கவில்லை.

எட்டு நிமிடம், பன்னிரண்டு நிமிடம், இருபது நிமிடம் என்று சீட்டுகள் தாமதமாயின. அவள் குடைக் கம்பால் கோப்புகளை இழுத்துத் தள்ளிப் பிடித்தாள். ஒன்று நெற்றியில் விழுந்து புடைத்தது. சமநீதித் துறையின் முதல் அறிக்கை எட்டுப் பாகமாக வந்திருந்தது, அவற்றை அடுக்கி மேலே ஏறிப் பார்த்தாள். எட்டுப் பாகமும் சேர்ந்து நல்ல உயரம்தான். ஆனால் வழவழப்பான தாள், காலை வாரிவிட்டது. விழுந்த சத்தம் கேட்டு வந்த மேலாளர் ஐந்தாம் பாகத்தின் அட்டை மடங்கியதைப் பார்த்துப் பதறிப்போனார்.

இயக்குநரைப் பார்க்கப் போனாள். மீன்தொட்டிக்குப் பக்கத்தில் நிற்க வைத்தே பேசினார்.

"சார், நான் குள்ளம் சார். நேர்ல பாருங்க. உங்க மேசைக்கு மேல என் தலைதானே தெரியுது?"

"நான் யாரையும் தோற்றத்தை வச்சு மதிப்பிடறதில்லைம்மா," என்றார் அவர் மிகுந்த கண்ணியத்தோடு. "அது பழைய காலத்துப் புத்தி. ஒருத்தரைக் கண்ணால பார்த்து இவர் குள்ளம், இவர் நெட்டைன்னு முடிவு கட்டறது எவ்வளவு பெரிய வன்முறை! நான் படிவத்தை மட்டும்தான் பார்ப்பேன்."

"அப்போ மறுபடி அளக்கச் சொல்லுங்க சார்."

"தாராளமா. உங்க குரலைக் கேட்கத்தானே இந்தத் துறையே இருக்கு? ஆனா நீங்க ஒண்ணு புரிஞ்சுக்கணும். உங்களுக்குன்னு நான் இறங்கி வந்தா, உங்களை மாதிரி எல்லாரும் வருவாங்க. அப்புறம் தேவை உள்ளவங்களைக் கவனிக்க எனக்கு நேரம் இருக்காது." மேசையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். "இன்னொரு விஷயம். மேல்தட்டு வேலை உங்களுக்கு ஒத்துவரலைன்னு மேலாளர் எழுதியிருக்கார். கிடங்கில உயரமானவங்க நிறையத் தேவைப்படறாங்களாம். ஒண்ணாம் தேதியிலேருந்து அங்க மாத்தலாம்னு யோசிக்கறாங்க. உங்க உயரத்துக்கு அங்கதான் மரியாதை."

சின்னக்கா அந்தத் தாளைக் கையில் வாங்கவில்லை. வீட்டுக்காரர் படுக்கையில் இருக்கிறார், மத்தியானம் போயே ஆக வேண்டும் என்று மூச்சுவிடாமல் சொன்னாள். அழுதேவிட்டாள். அவள் அழுவதை இயக்குநர் அனுபவித்துக் கேட்டார் என்று சொன்னால் பாவம், குறிப்பெடுத்துக்கொண்டுதான் கேட்டார். குடும்பப் பராமரிப்புத் தேவைக்கு என்று தனிப் படிவம் இருப்பதாகவும், மதிப்பீட்டாளரே வீடு தேடி வருவார் என்றும் சொன்னார்.

வந்தாள். காலை பதினோரு மணி. தையல்காரர் ஜன்னலோரக் கட்டிலில் மல்லாந்து படுத்திருந்தார். எப்போதும்போல் சிரித்தார்.

"எப்படி இருக்கீங்க ஐயா?"

"படுத்திருக்கேம்மா."

'இயல்பான நிலை: ஓய்வு' என்று அவள் எழுதிக்கொண்டாள். "நாள் முழுக்கவா?"

"ராத்திரியும்."

'தொடர்ச்சியான ஓய்வு. தொந்தரவு இல்லாத சூழல். காற்றோட்டமான ஜன்னல்.' தையல்காரர் தலையைத் திருப்பி அவள் கையில் இருந்த டேப்பைப் பார்த்தார். "ஏம்மா, என் பொண்டாட்டியை அளந்தது நீதானா?"

"ஆமாங்க ஐயா."

"முப்பது வருஷம் ஊரையே அளந்திருக்கேன். அளக்கறதுக்கு முன்னாடி ஆளை செருப்பைக் கழட்டச் சொல்லணும். பெட்டி மேல நின்னா பெட்டியையும் கழட்டச் சொல்லணும். இல்லைன்னா சட்டை பெட்டிக்குத்தான் பொருந்தும்."

அவள் அதையும் சிரித்தபடியே எழுதிக்கொண்டாள். நான்கு நாளில் முடிவு வந்தது: பராமரிப்புத் தேவை இல்லை. குடும்பத்தில் ஒருவர் முழுநேரமும் ஓய்வெடுக்கும் வசதி பெற்றிருப்பது பாராட்டத்தக்கது. நகைச்சுவை உணர்வு நன்று.

மிச்சம் இருந்தது மறுஅளவை ஒன்றுதான். ஒன்றாம் தேதிக்கு ஐந்து நாள் இருந்தது. கோப்பறைக்கு வந்த மதிப்பீட்டாளரிடம், தரையில் வெறுங்காலோடு சுவரை ஒட்டி நின்று, "இப்போ அளங்க மேடம்" என்றாள் சின்னக்கா.

"இது இயல்பான பணி நிலை இல்லையேம்மா. உங்க பணி நிலைன்னு படிவத்தில 'மரப்பெட்டி மேல்'னு பதிவாகியிருக்கு. பெட்டி எங்க?"

"நீங்கதானே மேடம் கொண்டுபோனீங்க? வரவேற்பறையில இருக்கு."

"அப்போ அங்கதான் அளக்கணும்." அந்தப் பெண் கெட்டவள் இல்லை என்பதுதான் இதில் மகா கொடுமை. அவளே மேலிடத்தில் அனுமதி வாங்கி, சாவி வாங்கி, கூண்டின் கதவைத் திறந்துவைத்தாள். பன்னிரண்டு மணி ஆகப்போகிறது, பன்னிரண்டரைக்கு வீட்டில் இருக்க வேண்டும், சீக்கிரம் முடிந்தால் சரி என்று சின்னக்கா பளிங்கு மேடையில் கால் வைத்துக் கூண்டுக்குள் ஏறினாள். பெட்டியை ஒரு முறை கையால் தடவிப் பார்த்தாள். நெட்டை செங்கல்லால் தட்டிய ஆணியின் தலை அப்படியே இருந்தது. ஏறி நின்றாள்.

"பெட்டியைச் சேர்க்காம, பாதத்திலேருந்து அளங்க மேடம். கையெடுத்துக் கும்பிடறேன்."

"பெட்டியோட அடியிலேருந்துதாம்மா. மூணாம் விதி." டேப்பு மேலே போனது. "அஞ்சடி எட்டங்குலம். உறுதியாயிடுச்சு!"

அந்த நேரம் பார்த்து வெளிக்கதவு திறந்தது. வேறு வேறு நிறுவனங்களிலிருந்து சமநீதியைக் கற்றுக்கொள்ள வந்த ஒரு கூட்டத்தோடு இயக்குநர் உள்ளே வந்தார். மஞ்சள் விளக்கின் கீழே, கண்ணாடிக் கூண்டுக்குள், பெட்டி மேல் கைகூப்பி நின்ற பெண்ணைப் பார்த்ததும் கூட்டம் அப்படியே நின்றது. பிறகு கைதட்டல் கிளம்பியது. இயக்குநர் ஒரு நொடிதான் திகைத்தார். மறு நொடி, "இது நேரடி விளக்கம்" என்றார்.

அன்று மாலையே சின்னக்காவின் கிடங்கு மாற்றல் ரத்தாயிற்று. அதற்குப் பதிலாக ஒரு புதிய பதவி: சமநீதி நேரடி விளக்கப் பணியாளர். தினமும் பெட்டி மேல் நிற்க வேண்டும். வேறு எதுவும் எடுக்க வேண்டாம், எட்ட வேண்டாம். கோப்பறை இனி நெட்டைக்கு.

"பார்வையாளர் நேரம் எப்போ சார்?" என்று கேட்டாள்.

"பன்னெண்டுலேருந்து ரெண்டு."

"சார், பன்னெண்டரைக்கு நான் வீட்டுக்கு..."

"உங்க வீட்டில எல்லாரும் ஓய்வா இருக்கறதா அறிக்கை சொல்லுதேம்மா," என்றார் இயக்குநர் அன்போடு. "இல்லை, கிடங்குதான் வசதின்னா சொல்லுங்க. தேர்வு உங்களோடது. யாரையும் கட்டாயப்படுத்தறது எங்க வழக்கம் இல்லை."

கிடங்கென்றால் விடிகாலை போனால் இருட்டித்தான் வீடு திரும்ப முடியும். இங்கென்றால் ஆறு நிமிடம். இரண்டு மணிக்காவது ஓடிப்போய்ப் புரட்டலாம். அவள் பெட்டிக்கு ஒப்புக்கொண்டாள்.

முதல் நாள் அவளுக்குப் பட்டுநூல் வைத்துத் தைத்த புதுச் சட்டை கொடுத்தார்கள். ஐந்தடி எட்டங்குலத்துக்கு அளந்தது. மணிக்கட்டில் நாலு மடிப்பு மடித்துவிட்டுக்கொண்டு ஏறி நின்றாள். பார்வையாளர்கள் நாற்பது பேர். இயக்குநர் கையில் ஒலிவாங்கி. வரவேற்பறையின் முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, அதற்கு வெளியே சுற்றுச்சுவர்.

"பெட்டி இல்லாம கீழ நின்னா உங்களுக்கு என்ன தெரியும்?" என்று திறந்திருந்த கூண்டுக் கதவு வழியாக ஒலிவாங்கியை அவள் வாயருகே நீட்டினார்.

"சுவர் தெரியும் சார்."

"இப்போ?"

அவள் பார்த்தாள். சுவருக்கு மேலே தெரு தெரிந்தது. தெருக்கோடியில் முனை வீட்டு மாடி தெரிந்தது. மாடியில் கீழ்ப்பாதிக்கு மட்டும் பச்சைத் திரை போட்ட ஜன்னல் தெரிந்தது. சுவர்க் கடிகாரத்தில் மணி பன்னிரண்டு நாற்பது.

"எங்க வீட்டு ஜன்னல் தெரியுது சார்."

நாற்பது பேரும் உருகிவிட்டார்கள். ஓர் அம்மாள் மூக்கைச் சிந்தினார். "அங்க எங்க வீட்டுக்காரர் சாப்பிடாம..." என்று அவள் சொல்ல ஆரம்பிக்கும்போது ஒலிவாங்கி இயக்குநரின் வாய்க்குப் போய்விட்டது. "வேலையையும் வீட்டையும் ஒரே இடத்தில நின்னு பார்க்க முடியுது. இதைத்தான் நாங்க சமநீதின்னு சொல்றோம்," என்றார்.

இரண்டு மணிக்கு ஓட்டமாக ஓடினாள். தையல்காரர் காலையில் விட்டபடியே மல்லாந்து கிடந்தார். துணி நனைந்திருந்தது. புரட்டிப் பார்த்தாள். முதுகின் கீழே ஒரு கை அகலத்துக்குத் தோல் சிவந்திருந்தது.

"என்னம்மா, பெட்டி மேல நின்னியா?" என்றார் அவர். வாய் உலர்ந்திருந்தது.

"நின்னேங்க. அங்கேருந்து நம்ம ஜன்னல் தெரியுது."

"அட! நான் தெரிஞ்சேனா?"

"படுத்திருக்கறவங்க தெரியமாட்டாங்க."

அவர் ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பினார். இடது கையைத் தூக்கித் திரைக்கு மேலே கொண்டுபோக முடிகிறதா என்று பார்த்தார். முடிந்தது. "இது தெரியுமில்ல? சரி, இப்படி வச்சுக்குவோம். நல்லா இருந்தேன்னா ஒரு தடவை ஆட்டிட்டுக் கையை இறக்கிடுவேன். முடியலைன்னா நிறுத்தாம ஆட்டுவேன். நீ பயப்படாதே, நிறுத்தாம ஆட்ட மாட்டேன்."

இரண்டாம் நாள் ஒரு முறை ஆடி இறங்கியது. மூன்றாம் நாளும் அப்படியே. அவள் பெட்டி மேல் நின்றபடி மூச்சுவிட்டாள். நான்காம் நாள் பெரிய கூட்டம். மணி ஒன்று அடிக்கப் போகும்போது பச்சைத் திரைக்கு மேலே கை எழும்பியது. ஒரு முறை ஆடியது. இறங்கவில்லை. மறுபடி ஆடியது, மறுபடியும், மறுபடியும்.

"சார்," என்றாள் சின்னக்கா. "சார், அவர் கூப்பிடறார் சார்."

இயக்குநர் அவள் பார்வை போன திசையில் பார்த்தார். அவருக்கு இயற்கையிலேயே நல்ல உயரம், பெட்டி இல்லாமலே தெரிந்தது. முகம் மலர்ந்துபோயிற்று. "பாருங்க, பாருங்க! அந்த ஜன்னல்ல பாருங்க! நம்ம சகோதரியோட கணவர். வீட்டிலேருந்தே நமக்கு நன்றி சொல்றார். எல்லாரும் கையை ஆட்டுங்க!"

கூட்டம் கண்ணாடிப் பக்கம் போய் எக்கி எக்கிக் கையை ஆட்டியது. சின்னக்கா பெட்டியிலிருந்து கூண்டுக்கு வெளியே குதித்தாள். தரையில் கால் பட்டதும் ஜன்னல் மறைந்துவிட்டது, சுவர்தான் தெரிந்தது.

"பார்வையாளர் நேரம் இன்னும் முடியலைம்மா! இறங்கினா இந்தப் பதவி உங்களுக்கு இல்லை!" என்று பின்னால் குரல் கேட்டது. "இவங்க இவ்வளவு குள்ளமா?" என்று யாரோ கேட்டார்கள். பெரிய சட்டை காலைத் தடுக்க, அதை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவள் வாசலைத் தாண்டி ஓடினாள். கண்ணாடிக்கு உள்ளே எல்லாரும் இன்னும் கையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள்.